யூதா ஏற்ற பொறுப்பு: உடைந்த குடும்பம் மீண்டும் சேர என்ன வேண்டும்?

அண்ணன் தம்பி பேசிக்கொள்வதில்லை, அக்கா வீட்டுப் படியேறிப் பல வருடம் ஆகிவிட்டது, அப்பாவின் காரியத்தில்கூட ஆளுக்கொரு மூலையில் நின்றோம் என்று குடும்பங்கள் ஆலோசனைக்கு வரும்போது முதலில் எழும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "யார் முதலில் மன்னிப்புக் கேட்பது?" இந்தக் கேள்வியிலேயே பல வீடுகள் நின்றுவிடுகின்றன. தவறு செய்தவர் "அன்றைக்கே வருத்தம் சொல்லிவிட்டேனே" என்கிறார். பாதிக்கப்பட்டவர் "வாயால் சொன்னால் போதுமா?" என்கிறார். அவரவர் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் இரண்டும் நியாயமாகவே தெரிகின்றன.

இந்த முடிச்சை அவிழ்க்க எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான வழிகாட்டி, ஆதியாகமத்தின் 37-ஆம் அதிகாரத்திலிருந்து 50-ஆம் அதிகாரம் வரை நீளும் யோசேப்பின் வரலாறு. கத்தோலிக்கர் இதைத் தொடக்கநூல் என்ற பெயரில் வாசிக்கிறார்கள். திருக்குர்ஆனின் 12-ஆம் அத்தியாயம் முழுவதும் இதே மனிதரைப் பற்றியது. ஞாயிறு பள்ளியில் கேட்டவர்களுக்கு அங்கியும் கனவும் சிறைச்சாலையும் நினைவில் இருக்கும். குடும்ப ஒப்புரவு என்ற கோணத்திலிருந்து வாசித்தால், கதையைத் திருப்பிப்போடுகிறவன் அவனுடைய அண்ணன் யூதா. (இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் வேறு, இவன் யாக்கோபுக்கும் லேயாளுக்கும் பிறந்த 4-ஆவது மகன்.) தம்பியை விற்றுவிடலாம் என்று யோசனை சொன்னவன் அவன். இருபது வருடங்களுக்கு மேல் கழித்து இன்னொரு தம்பிக்காகத் தன்னையே அடிமையாகக் கொடுக்க முன்வந்தவனும் அவன்தான். உங்கள் வீட்டுக்கு வேண்டிய பாடம் இந்த இரண்டு நாட்களுக்கும் நடுவில் இருக்கிறது.

விரிசல் எங்கே தொடங்கியது

யாக்கோபு விரும்பி மணந்தது ராகேலை. அவளுக்காக மாமன் லாபானிடம் 7 வருடம் வேலை செய்தார். கல்யாண இரவில் அக்கா லேயாளைக் கொடுத்து ஏமாற்றினார்கள். ராகேலுக்காக மறுபடியும் 7 வருடம் வேலை செய்தார். இவர்களோடு பணிப்பெண்கள் பில்காளும் சில்பாளும். இந்த நால்வர் வழியாகப் பிறந்த 12 மகன்களும் மகள் தீனாளும் வளர்ந்த வீடு, யாருக்கு எவ்வளவு பாசம் என்று தினமும் அளந்து பார்க்கப்பட்ட வீடு.

33-ஆம் அதிகாரத்தில் ஒரு காட்சி உண்டு. அண்ணன் ஏசா 400 பேரோடு எதிரே வருகிறான் என்று பயந்த யாக்கோபு, குடும்பத்தை வரிசைப்படுத்துகிறார். பணிப்பெண்களும் அவர்கள் பிள்ளைகளும் முன்னால். அவர்களுக்குப் பின்னால் லேயாளும் பிள்ளைகளும். எல்லோருக்கும் கடைசியில், மிகப் பத்திரமான இடத்தில், ராகேலும் யோசேப்பும். ஆபத்து வந்தால் அப்பா யாரை இழக்கத் தயார், யாரை இழக்கத் தயாரில்லை என்பதை அந்தப் பிள்ளைகள் அன்றே கண்ணால் பார்த்துவிட்டார்கள். யோசேப்புக்கு மட்டும் விசேஷ அங்கி தைத்துக் கொடுத்தது அதற்குப் பின்னால்தான். அங்கியைப் பார்த்துத் திடீரென்று வந்த பொறாமை என்று இதைச் சுருக்கிவிடக் கூடாது. வருடக்கணக்காகச் சேர்ந்த காயம் அங்கியைப் பார்த்ததும் வெடித்தது.

யாக்கோபு தானும் இப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தவரே. அவருடைய அப்பா ஈசாக்குக்கு மூத்தவன் ஏசா செல்லம். அம்மா ரெபேக்காளுக்கு இளையவன் யாக்கோபு செல்லம். அந்தப் பாரபட்சத்தால் அண்ணனைப் பிரிந்து ஓடி, அந்நிய ஊரில் 20 வருடம் கழித்தவர், அதையே தன் பிள்ளைகளிடமும் செய்தார்.

பெற்றோராக இருக்கிறவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: ஒரு பிள்ளையிடம் மனம் கூடுதலாக ஒட்டுவது மனித இயல்பு, அதற்காகக் குற்ற உணர்வு வேண்டாம். ஆனால் கொடுக்கல் வாங்கலில் அது தெரியக் கூடாது. வெளிநாட்டில் இருக்கும் மகனைப் பற்றிப் பெருமை பேசுவதை, கூடவே இருந்து மருத்துவமனைக்கு அழைத்துப் போகும் மகள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஒரு பிள்ளையைப் பற்றிய குறையை இன்னொரு பிள்ளையிடம் கேட்டு வாங்காதீர்கள். யாக்கோபு வீட்டில் அண்ணன்மாரைப் பற்றித் தகவல் கொண்டுவந்தவன் 17 வயது யோசேப்பு. அவர்களுக்கு அவனோடு அன்பாக ஒரு வார்த்தை பேசக்கூட முடியாமல் போனது.

அழுகிற அப்பாவைத் தேற்ற முடியாத மகன்கள்

எபிரோனிலிருந்து அப்பா அனுப்ப, அண்ணன்மாரைத் தேடி சீகேமுக்கும் அங்கிருந்து தோத்தானுக்கும் போனான் யோசேப்பு. அவனைப் பிடித்துத் தண்ணீரில்லாத குழியில் போட்டுவிட்டு, உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மூத்தவன் ரூபனுக்கு அவனைத் தப்புவிக்கும் எண்ணம் இருந்தது. அதை வெளிப்படையாகச் சொல்லும் துணிவு இல்லை. கொல்வதில் நமக்கு என்ன லாபம், விற்றுவிடுவோம் என்றான் யூதா. விலை 20 வெள்ளிக்காசு. பிறகு அங்கியை வெள்ளாட்டு ரத்தத்தில் தோய்த்து அப்பாவுக்கு அனுப்பினார்கள். இது உங்கள் மகனுடையதா என்று மட்டும் கேட்டார்கள். பொய்யை அப்பாவே சொல்லிக்கொள்ளும்படி விட்டார்கள்.

யாக்கோபு துக்கத்தில் விழுந்தபோது, தேற்ற வந்தவர்களில் அந்த மகன்களும் இருந்தார்கள். அவருடைய கண்ணீரை நிறுத்தக்கூடிய ஒரே வார்த்தை அவர்களிடம் இருந்தது. அதைச் சொல்ல முடியவில்லை. மறைக்கப்பட்ட தவறு ஒரு வீட்டுக்கு என்ன செய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். அந்த வீட்டில் அன்பு இருந்தது, அக்கறை இருந்தது, ஆறுதல் சொல்லும் எண்ணமும் இருந்தது. உண்மை இல்லாததால் எதுவும் பலிக்கவில்லை.

குழிக்குள்ளிருந்து யோசேப்பு கெஞ்சியதை 37-ஆம் அதிகாரம் சொல்வதில்லை. 42-ஆம் அதிகாரத்தில், எகிப்தில் சிக்கலில் மாட்டிக்கொண்ட அண்ணன்மார் தங்களுக்குள் பேசும்போதுதான் நமக்கு அது தெரியவருகிறது. அவன் கெஞ்சினான், நாம் கேட்கவில்லை, அதன் பலன்தான் இது என்று புலம்புகிறார்கள். அத்தனை வருடமும் அந்தக் குரல் அவர்கள் காதிலிருந்து போகவில்லை. உங்கள் வீட்டில் தவறு செய்தவர் சாதாரணமாகச் சிரித்துப் பேசி நடமாடுகிறார் என்றால், அவருக்கு மறந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். பலர் எதைச் சொல்லித் தொடங்குவது என்று தெரியாமல்தான் மௌனமாக இருக்கிறார்கள்.

ரூபனின் வாக்கும் யூதாவின் வாக்கும்

பஞ்சம் வந்தது. கானானில் தானியம் இல்லை. அடிமையாக விற்கப்பட்டு எகிப்துக்குப் போன யோசேப்பே இப்போது அங்கே தானியத்துக்குப் பொறுப்பான அதிகாரி என்பது தெரியாமல் அண்ணன்மார் அவன் முன் வந்து நின்றார்கள். அவன் அவர்களை அடையாளம் கண்டுகொண்டான். சிமியோனைப் பிடித்து வைத்துக்கொண்டு, கடைசித் தம்பி பென்யமீனைக் கூட்டிவந்தால்தான் விடுவிப்பேன் என்றான். பென்யமீன் ராகேலின் இரண்டாவது மகன், யோசேப்பின் கூடப்பிறந்தவன். அவனை அனுப்ப யாக்கோபு மறுத்துவிட்டார்.

இங்கே இரண்டு அண்ணன்கள் அப்பாவிடம் பேசுகிறார்கள். அவர்களுடைய பேச்சை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ரூபன் சொன்னதன் சாரம்: பென்யமீனைத் திரும்பக் கொண்டுவராவிட்டால் என் இரண்டு மகன்களையும் கொன்றுபோடுங்கள். கேட்பதற்குப் பெரிய தியாகம் போல இருக்கிறது. ஆனால் மகனை இழக்கப் பயப்படும் கிழவருக்குப் பேரன்களின் சாவு எப்படி ஈடாகும்? விலை கொடுப்பது ரூபனும் இல்லை, அவன் பிள்ளைகள். யாக்கோபு அதைக் காதில் வாங்கவே இல்லை.

யூதா காத்திருந்தான். வாங்கிவந்த தானியம் தீர்ந்து, அப்பாவே மறுபடி போகச் சொன்னபோது பேசினான். பையனை என்னோடு அனுப்புங்கள். அவனுக்கு நான் பிணை. என்னிடம் அவனைக் கேளுங்கள். கொண்டுவராவிட்டால் காலமெல்லாம் அந்தப் பழி என்மேல் இருக்கட்டும் என்பது அவன் சொன்னதன் பொருள். யாக்கோபு சம்மதித்தார்.

இந்த வித்தியாசம் அப்படியே நம் வீடுகளில் நடக்கிறது. "அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சபையில் சொல்லிவிட்டு, வேலை முழுவதையும் மனைவி தலையில் கட்டும் மகன் ரூபனைப் போலப் பேசுகிறான். "அம்மாவின் மருந்துச் செலவு என் கணக்கில், மாதா மாதம் 5-ஆம் தேதி பணம் வந்துவிடும், வரவில்லையென்றால் என்னைக் கேளுங்கள்" என்று சொல்பவர் யூதாவைப் போலப் பேசுகிறார். பொறுப்பேற்கும் பேச்சுக்கு மூன்று அடையாளங்கள்: விலையைச் சொல்பவரே கொடுப்பார்; செய்யப்போவது இன்னதென்று தெளிவாக இருக்கும்; தவறினால் யாரிடம் கேட்பது என்பதும் அதிலேயே இருக்கும். வாக்கின் ஆடம்பரத்தைப் பார்க்காதீர்கள், இந்த மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

யூதா எப்படி இப்படி மாறினான்? யோசேப்பின் வரலாற்றுக்கு நடுவே புகுந்ததுபோல இருக்கும் 38-ஆம் அதிகாரத்தில் அதற்கு விடை இருக்கிறது. யூதா சகோதரர்களை விட்டுத் தனியே போகிறான். ஏர், ஓனான் என்ற இரண்டு மகன்களைச் சாகக் கொடுக்கிறான். மூன்றாவது மகன் சேலாவும் செத்துவிடுவானோ என்ற பயத்தில், விதவை மருமகள் தாமாருக்கு அவனை மணமுடித்துத் தர வேண்டிய கடமையைத் தட்டிக்கழிக்கிறான். கடைசியில் கர்ப்பமாக இருக்கும் தாமார் அவனுடைய முத்திரை மோதிரத்தையும் கோலையும் காட்டி, குழந்தைக்குத் தகப்பன் அவனே என்று நிரூபிக்கிறாள். அவளை எரிக்கச் சொன்ன யூதா, எல்லோர் முன்னும் தன்னைவிட அவளே நீதியுள்ளவள் என்று ஒப்புக்கொள்கிறான். பிள்ளையை இழக்கும் வலியையும் தவறை வாய்விட்டு ஒத்துக்கொள்வதையும் அந்த வருடங்களில் அவன் கற்றுக்கொண்டான். அப்பாவின் பயம் என்னவென்று அதற்குப் பிறகுதான் அவனுக்குப் புரிந்திருக்கும்.

பாதிக்கப்பட்டவர் அவசரப்பட வேண்டியதில்லை

யோசேப்பு அண்ணன்மாரைக் கண்டவுடன் ஏன் கட்டிப்பிடிக்கவில்லை என்று சிலர் கேட்பதுண்டு. மன்னித்தவன் என்றால் உடனே சொல்லியிருக்கலாமே? அவன் கடுமையாகப் பேசினான், வேவுகாரர் என்றான், மொழிபெயர்ப்பாளனை நடுவில் வைத்துப் பேசினான். ஆனால் அவர்கள் பேசியது அவனுக்குப் புரிந்தது, ஒதுங்கிப்போய் அழுதான், அவர்கள் கொடுத்த பணத்தை மூட்டைகளில் திரும்ப வைத்து அனுப்பினான். பாசம் இருந்தது. நம்பிக்கை இன்னும் இல்லை. இவை இரண்டும் ஒரே நாளில் திரும்பி வருவதில்லை.

இரண்டாவது முறை பென்யமீனோடு வந்தபோது விருந்து வைத்தான். பென்யமீனுக்கு மட்டும் ஐந்து மடங்கு பரிமாறினான். அண்ணன்மார் முகம் கறுக்கவில்லை. பிறகு தன் வெள்ளிப் பாத்திரத்தைப் பென்யமீனின் மூட்டையில் வைக்கச் செய்து, அது அகப்பட்டதும், அவன் மட்டும் அடிமையாக இருக்கட்டும், மற்றவர்கள் வீட்டுக்குப் போகலாம் என்றான். தோத்தானில் இருந்த அதே நிலைமை இப்போது மறுபடி முன்னால் நிற்கிறது. ராகேலின் மகன் ஒருவனை எகிப்தில் விட்டுவிட்டுப் போகலாம், கேட்பாரில்லை. இந்த முறை என்ன செய்வார்கள்?

12-ஆம் நூற்றாண்டின் யூத அறிஞர் மைமோனிடிஸ், முழுமையான மனந்திரும்புதல் எது என்பதற்கு ஓர் அளவுகோல் தந்தார். முன்பு தவறு செய்த அதே சூழ்நிலை, அதைச் செய்யும் வாய்ப்பும் பலமும் இருக்கும்போதே மறுபடி வந்தும், ஒருவர் அதைச் செய்யாமல் விலகினால் அதுவே முழு மனந்திரும்புதல் என்றார். யூதாவின் செயலுக்கு இந்த அளவுகோல் அச்சாகப் பொருந்துகிறது.

பாதிக்கப்பட்டவர்களுக்கு என் ஆலோசனை: மன்னிப்பதும் பழையபடி நம்பிவிடுவதும் ஒன்று என்று யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த விடாதீர்கள். கூட்டு நிலத்தை ரகசியமாக எழுதிக்கொண்ட அண்ணனை மனதார மன்னிக்கலாம். அடுத்த பத்திரத்தில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும் என்பதில்லை. சிறிய விஷயங்களில் நம்பிப் பாருங்கள். சொன்ன தேதிக்கு வருகிறாரா, சொன்னதைச் செய்கிறாரா, கணக்கைத் தானாகக் காட்டுகிறாரா? அதைப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. அதே சமயம் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். யோசேப்பு சோதித்தது பழிவாங்குவதற்காக அல்ல. அவர்கள் மாறியிருந்ததைக் கண்டவுடன் நிறுத்திவிட்டான். எதைச் செய்தாலும் போதாது என்று கோட்டைத் தள்ளிக்கொண்டே போனால், அது சோதனையைத் தாண்டித் தண்டனை ஆகிவிடும்.

யூதா கிட்டே போனான்

பாத்திரம் அகப்பட்டதும் யூதா எகிப்திய அதிகாரியின் கிட்டே போய்ப் பேசுகிறான். யூதர்கள் ஜெப ஆலயங்களில் தோராவை வாரா வாரம் பகுதி பகுதியாக வாசிக்கும் முறையில், ஒரு வாரத்தின் வாசிப்பு சரியாக இந்த இடத்தில் தொடங்குகிறது. 44-ஆம் அதிகாரத்தின் 18-ஆம் வசனத்திலிருந்து முடிவு வரை அந்தப் பேச்சு போகிறது. அப்பா முதியவர், பையன் இல்லாமல் திரும்பினால் அவர் துக்கத்தில் செத்துப்போவார், அதனால் பையனுக்குப் பதிலாக என்னை அடிமையாக வைத்துக்கொண்டு அவனை அனுப்பிவிடுங்கள் என்கிறான்.

இந்தப் பேச்சுக்குள் என்னை மிகவும் உலுக்குவது ஒரு சின்ன இடம். அப்பா சொன்னதாக யூதா எடுத்துச்சொல்கிறான்: என் மனைவி எனக்கு இரண்டு பிள்ளைகளைப் பெற்றாள் என்று. அந்த மனைவி ராகேல். யூதாவின் அம்மா லேயாள் பெற்ற ஆறு மகன்களும் அந்தக் கணக்கில் வரவில்லை. தன்னையும் தன் தாயையும் ஒதுக்கித் தள்ளிய வார்த்தையை யூதா கசப்பில்லாமல், அப்பாவின் வேதனைக்குச் சான்றாக, அந்நியன் முன்னால் சொல்கிறான். அப்பா திருந்திவிடவில்லை. பாரபட்சம் அப்படியே இருக்கிறது. அதை மாற்ற முடியாது என்று தெரிந்தும், அதற்காக அவரைத் தண்டிப்பதை யூதா நிறுத்திவிட்டான். "அப்பா எனக்கு என்ன செய்தார்?" என்று கேட்டுக்கொண்டே நாற்பது, ஐம்பது வயதைக் கடந்தவர்கள் இந்த இடத்தை மெதுவாக வாசிக்க வேண்டும். அப்பா செய்தது அநியாயமாகவே இருக்கலாம். அந்த அநியாயத்தைக் காரணம் காட்டித் தம்பியின் வாழ்க்கையைச் சிதைப்பது உங்கள் தேர்வு. அதற்கு அப்பா பொறுப்பில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தப் பேச்சு முழுவதிலும் யோசேப்பிடம் மன்னிப்புக் கேட்கும் வரி ஒன்றுகூட இல்லை. எதிரே நிற்பவன் யோசேப்பு என்பதே யூதாவுக்குத் தெரியாது. ஆனாலும் யோசேப்பின் மனம் உடைந்தது அந்தப் பேச்சில்தான். யார் முதலில் மன்னிப்புக் கேட்பது என்ற கேள்விக்கு இந்த வரலாறு தரும் பதில் இது: உங்கள் தவறால் காயப்பட்ட இடத்துக்கு முதலில் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். மன்னிப்பு வார்த்தை அதற்குப் பின்னால் வரட்டும். அப்போது அதை நம்ப எதிரே இருப்பவருக்கு ஒரு காரணம் இருக்கும்.

சமாதானப் பேச்சை எப்படி நடத்துவது

யோசேப்பு தன்னை வெளிப்படுத்திய விதத்தில் ஒழுங்கு இருக்கிறது. முதலில் எகிப்தியர் அனைவரையும் வெளியே அனுப்பினான். குடும்பத்தின் வெட்கத்தை மற்றவர்கள் பார்க்கும்படி வைக்கவில்லை. கல்யாண மண்டபத்திலும், உறவினர்கள் கூடிய துக்க வீட்டிலும், குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் பழைய கணக்கைத் திறக்காதீர்கள். சம்பந்தப்பட்டவர்கள் மட்டும் உட்காருங்கள். தேவைப்பட்டால் இரு தரப்பும் மதிக்கும் ஒரு பெரியவரோ போதகரோ ஆலோசகரோ உடன் இருக்கட்டும்.

இரண்டாவதாக, பயந்து நின்றவர்களைக் கிட்டே வரச் சொன்னான். மூன்றாவதாக, நடந்ததை மூடி மறைக்கவில்லை. நீங்கள் விற்ற யோசேப்பு நான்தான் என்று நேராகச் சொன்னான். "போனது போகட்டும்" என்ற ஒரே வரியில் எல்லாவற்றையும் துடைத்துவிட முயலும் சமாதானம் நிலைக்காது. என்ன நடந்தது என்பது ஒருமுறையாவது இரு தரப்பு வாயிலும் வர வேண்டும். நான்காவதாக, அவர்கள் தங்களைத் தாங்களே வதைத்துக்கொள்ள வேண்டாம் என்றும், உயிர்களைக் காக்கவே கடவுள் தன்னை முன்னே அனுப்பினார் என்றும் சொன்னான். இந்த விளக்கத்தைச் சொல்லும் உரிமை பாதிக்கப்பட்டவனுக்குத்தான் உண்டு. "எல்லாம் நன்மைக்கே, கடவுள் சித்தம்" என்று தவறு செய்தவரே சொன்னால் அது காயத்தின்மேல் இன்னொரு காயம்.

ஐந்தாவதாக, ஏற்பாட்டைச் சொன்னான். பஞ்சம் இன்னும் 5 வருடம் இருக்கிறது. கோசேன் நாட்டில் என் பக்கத்தில் இருங்கள். பிள்ளைகளையும் ஆடுமாடுகளையும் கொண்டுவாருங்கள். நான் பராமரிக்கிறேன் என்றான். காலம், இடம், செலவு மூன்றும் அதில் இருக்கின்றன. அதன் பிறகு அழுது முத்தமிட்டான். அதற்கும் பிறகுதான் அண்ணன்மார் அவனோடு பேசினார்கள் என்கிறது 45-ஆம் அதிகாரம். அன்பாக ஒரு வார்த்தை பேச முடியாமல் போனவர்களுக்கு 22 வருடம் கழித்துப் பேச்சு திரும்பியது. ஊருக்கு அனுப்பும்போது, வழியில் சண்டை போடாதீர்கள் என்றும் சொல்லி அனுப்பினான். யார் விற்கச் சொன்னது, யார் தடுத்தது என்று பழைய வழக்கு தங்களுக்குள்ளேயே கிளம்பும் என்பது அவனுக்குத் தெரியும். சமாதானம் ஆன அன்று இரவே "அன்றைக்கு நீதானே ஆரம்பித்தாய்" என்று தொடங்கிவிடும் வீடுகளுக்கும் இதுதான் சொல்ல வேண்டியது.

17 வருடம் கழித்தும் பயம் இருந்தது

130 வயதில் எகிப்துக்கு வந்த யாக்கோபு அங்கே 17 வருடம் வாழ்ந்து 147 வயதில் இறந்தார். கானானில் மக்பேலா குகையில் அடக்கம் செய்துவிட்டுத் திரும்பியதும் அண்ணன்மாருக்குப் பழைய பயம் வந்தது. அப்பா இருந்தவரை சும்மா இருந்தான், இனி பழி வாங்குவான் என்று நினைத்தார்கள். அப்பா சாகும்முன் சொன்னதாக ஒரு செய்தியை ஆள் மூலம் அனுப்பி, மன்னிப்புக் கேட்டார்கள். யோசேப்பு அழுதான். தான் கடவுளின் இடத்தில் இல்லை என்றான். அவர்களையும் அவர்கள் குழந்தைகளையும் பராமரிப்பதாக மறுபடி உறுதி சொல்லித் தேற்றினான்.

பெற்றோர் இருக்கும்வரை ஒட்டியிருந்து, அவர்கள் போனதும் உடையும் குடும்பங்கள் நமக்கு நன்றாகத் தெரியும். பதினாறாம் நாள் முடியும் முன்பே சொத்துப் பேச்சு கிளம்பும். ஆகவே பெற்றோர் தெளிவோடும் பலத்தோடும் இருக்கும்போதே உயிலை எழுதிப் பதிவு செய்து, என்ன எழுதியிருக்கிறது, ஏன் என்பதைப் பிள்ளைகள் எல்லோரிடமும் ஒன்றாகச் சொல்லிவிடுவது நல்லது. உயில் இல்லாவிட்டால், இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. மகளுக்குச் சீர் செய்தாயிற்று என்பது அந்தப் பங்கை அழித்துவிடாது. இதை முன்கூட்டியே எல்லோரும் அறிந்திருந்தால் பாதி மனக்கசப்பு வராது.

பெற்றோரைப் பராமரிக்கும் கடமைக்கும் சட்டம் இருக்கிறது. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி, கைவிடப்பட்ட பெற்றோர் தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, அந்த நிபந்தனை மீறப்பட்டால் ரத்து செய்யக் கோரவும் வழி உண்டு. தேவைப்படும் பெற்றோர் தயங்காமல் இதைப் பயன்படுத்த வேண்டும். நிலைமை அந்த அளவுக்குப் போகப் பிள்ளைகள் விடக் கூடாது. சட்டம் மாதப் பணத்தை வாங்கித் தரும். பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டும் ஆளைத் தராது.

சேர முடியாத இடங்களும் உண்டு

எல்லா உறவையும் ஒட்டவைத்தே ஆக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அடி, உதை, பாலியல் கொடுமை, மிரட்டல் நடக்கும் வீட்டுக்குத் திரும்பிப் போகச் சொல்லி இந்த வரலாற்றை எடுத்துக்காட்டுவது தவறு. யோசேப்பு தன்னை வெளிப்படுத்தியபோது குழிக்குள் இருக்கவில்லை. பாதுகாப்பான இடத்தில், அதிகாரத்தோடு இருந்தான். எதிரே இருந்தவர்கள் மாறியிருந்தார்கள், அதை அவன் கண்ணால் பார்த்தான். இவை இல்லாத இடத்தில் முதலில் தேவை பாதுகாப்பு. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, முதியோருக்கு 14567 என்ற உதவி எண்கள் இருக்கின்றன. குடும்ப மானம் போகும் என்று எண்ணித் தயங்காமல் அழையுங்கள்.

இந்த மாதம் செய்யக்கூடியவை

தவறு உங்கள் பக்கம் என்றால்: நடந்ததை ஒரு தாளில் எழுதுங்கள். "ஆனால்", "அவனும்தான்" என்ற வார்த்தைகள் வந்த வரிகளை அடித்துவிடுங்கள். மீதியிருப்பதுதான் உங்கள் பங்கு. அதனால் எதிர்த்தரப்புக்கு என்ன இழப்பு என்று யோசித்து, உங்களால் ஈடுசெய்யக்கூடிய ஒன்றைத் தேர்ந்து, அதைச் செய்யத் தொடங்குங்கள். நேரில் போகும்போது என்ன செய்தீர்கள், இனி என்ன செய்யப்போகிறீர்கள் என்ற இரண்டையும் சுருக்கமாகச் சொல்லுங்கள். உடனே பதில் எதிர்பார்க்காதீர்கள்.

பாதிக்கப்பட்டவர் நீங்கள் என்றால்: எது நடந்தால் உங்களுக்கு நம்பிக்கை வரும் என்பதை நீங்களே முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். "அவர் மாற வேண்டும்" என்பது போதாது. கணக்கு காட்டுவதா, பத்திரத்தைத் திருத்துவதா, என் பிள்ளைகள் முன்னால் உண்மையைச் சொல்வதா? அதை அவரிடம் சொல்லுங்கள். அது நிறைவேறினால் ஏற்றுக்கொள்ளத் தயாராக இருங்கள்.

பெற்றோர் என்றால்: பிள்ளைகளுக்குக் கொடுத்ததையும் கொடுக்கப்போவதையும் எல்லோருக்கும் தெரியும்படி செய்யுங்கள். உங்கள் பாரபட்சத்தால் ஒரு பிள்ளை காயப்பட்டிருந்தால் அதை அந்தப் பிள்ளையிடம் ஒத்துக்கொள்ளுங்கள். யாக்கோபு அதைச் செய்ததாக நாம் எங்கும் வாசிப்பதில்லை. நீங்கள் செய்யலாம்.

உங்கள் குடும்பத்தில் யாராவது ஒருவர் முதலில் நகர வேண்டும். மூத்தவராகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. யூதா மூத்தவன் இல்லை. கறை இல்லாதவராகவும் இருக்க வேண்டியதில்லை. அந்தப் பத்துப் பேரில் மிகப் பெரிய கறை அவன்மேல்தான் இருந்தது. "இது என் பொறுப்பு, என்னைக் கேளுங்கள்" என்று சொல்லி, சொன்னபடி நிற்க ஒருவர் போதும். அவர் நீங்களாக இருக்கலாம் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.